பிரதேச சபையில் கட்டட அனுமதி: கடதாசியிலிருந்து பிம் மாதிரிக்கு

வன்னியில் வீட்டுப் படம் கீறுகிறவர்கள் பலரும் கணினியில் படம் கீறும் ஓட்டோகாட் மென்பொருளுக்கு வந்து கனகாலம். ஆனால் அனுமதிக்குப் போகும்போது அதைக் கடதாசியில் எடுத்துக் கொடுக்கிறோம், தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவுகோல் வைத்துப் பார்க்கிறார். அதையே பீ.டி.எஃப் ஆக்கி ஒன்லைனில் ஏற்றினாலும் கோடுகளைப் பார்த்து இது சுவர், இது யன்னல் என்று கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்தான். பிம் மாதிரியில், அதாவது கட்டடத்தின் தகவல்களோடு கணினியில் கட்டுகிற முப்பரிமாண மாதிரியில், யன்னல் யன்னலாகவே பதிவாகியிருக்கும், அகலம், உயரம், எந்தச் சுவரில் இருக்கிறது என்ற விவரங்களோடு. அதனால்தான் விதிக்குச் சரியா என்று பார்ப்பதைக் கணினியிடம் விடலாம்.

சபையில் இருப்பவர்கள் மென்பொருள் வாங்குவதில் தொடங்காதீர்கள். திருப்பி அனுப்பிய விண்ணப்பக் கோப்புகளை எடுத்து, என்ன காரணத்துக்காகத் திரும்பின என்று எழுதுங்கள். அடிக்கடி வருகிற ஐந்தாறு காரணங்கள் போதும். அதில் எண்ணால் சொல்லக்கூடியவை எவை, கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டியவை எவை என்று பிரியுங்கள். "போதிய காற்றோட்டம்" என்பதைக் கணினியால் சரிபார்க்க முடியாது, "யன்னல் திறப்பு அறைத் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு" என்று எழுதினால் முடியும். சபை எந்த எண்ணைப் பின்பற்றுகிறதோ அதை விதி இலக்கத்தோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது, எந்த வடிவத்தில் வாங்குவது. ஒரு கம்பனியின் கோப்பைக் கேட்காதீர்கள், ஐ.எஃப்.சி கேளுங்கள். அது பிம் மாதிரிகளைப் பரிமாறுவதற்கான ஐ.எஸ்.ஓ 16739 என்ற திறந்த தரம், பெரும்பாலான பிம் மென்பொருள்களிலிருந்து எடுக்கலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளோடு வேலை செய்யும் பொன்சாய், ஃப்ரீகாட் இரண்டும் இலவசம், சபைக்கு அவை போதும். சிங்கப்பூர் 2013இல் 20,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான் முதலில் பிம் கட்டாயம் ஆக்கியது, 2015இல் 5,000க்கு இறக்கியது, ஐ.எஃப்.சியில் நடக்கும் கோர்நெட் எக்ஸ் என்ற ஒன்லைன் அனுமதி முறை 2023 டிசெம்பரில்தான் வந்தது. நாங்களும் ஏ-9 வீதியோரத்து மாடிக் கடைகள், மண்டபங்கள் போன்றவற்றில் தொடங்குவோம். வீட்டுத்திட்டத்தில் அறையும் குசினியும் கட்டுகிற குடும்பத்திடம் மாதிரிக்கென்று ஒரு சதம்கூடக் கூடுதலாக வாங்கக்கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனிப் படவரைஞர்களுக்கு. முதலில் காணியைச் சரியான இடத்தில் வையுங்கள், சும்மா மென்பொருளின் பூச்சியப் புள்ளியில் வைத்துக் கீற வேண்டாம். நில அளவைப் படத்தில் ஆள்கூறுகள் (இடத்தைக் காட்டும் கிழக்கு, வடக்கு எண்கள்) இருந்தால் அவை எந்த முறையில் என்று பாருங்கள். இப்போதைய எஸ்.எல்.டி 99 முறையில் தொடக்கப்புள்ளிக்கு 500000, 500000, பழைய கண்டவளை முறையில் 200000, 200000. கிளிநொச்சி நகரத்துக்கு வடக்கு எண் புதியதில் 7 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டும், பழையதில் 4 இலட்சத்து 60 ஆயிரம் அளவில் நிற்கும். இரண்டையும் கலந்தால் கட்டடம் ஒவ்வொரு திசையிலும் 300 கிலோமீற்றர் தள்ளிப்போய் விழும். மென்பொருளில் ஆள்கூற்று முறைக்கான குறியீட்டு எண்ணாக ஈ.பி.எஸ்.ஜி 5235 என்று தேர்ந்தால் அது எஸ்.எல்.டி 99. இது சரியாக இருந்தால்தான் வீதிக்கோடும் குளத்து ஒதுக்கும் மாதிரியோடு பொருந்தும்.

அப்புறம் கிணறு. வன்னியில் குடிக்கிறது நிலத்தடி நீர், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பது சும்மா சடங்குக்கு இல்லை. உங்கள் காணிக் கிணற்றை எல்லோரும் போடுவார்கள், வேலிக்கு அங்கால் இருக்கிற அயல்வீட்டுக் கிணறு படத்தில் வராது. போய் அளந்து, அதையும் அவர்களுடைய மலக்குழியையும் மாதிரியில் தனிப் பொருளாகப் போடுங்கள், "கிணறு" என்று பெயரும் கொடுங்கள். வெறும் வட்டமாக விட்டால் எந்தச் சரிபார்ப்பும் அதைக் காணாது.

அறைகளையும் அப்படித்தான். நான்கு சுவர் கட்டிவிட்டால் மாதிரியில் அறை வந்துவிடாது, ஐ.எஃப்.சி ஸ்பேஸ் என்ற பொருளைத் தனியாக வைக்க வேண்டும், ஏற்றுமதி செய்யும்போது எந்தச் சுவர், யன்னல் எந்த அறையைத் தொடுகிறது என்று சொல்லும் ஸ்பேஸ் எல்லைகளையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் யன்னல் எந்த அறையினுடையது என்று தெரியாமல் ஏழில் ஒன்று கணக்கு நடக்காது.

சரிபார்ப்பில் இரண்டு படி இருக்கிறது, இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. மாதிரியில் என்ன விவரங்கள் இருக்க வேண்டும் என்று எழுதும் ஐ.டி.எஸ் என்ற கோப்பில் "ஒவ்வொரு அறைக்கும் பெயரும் பரப்பும் இருக்க வேண்டும்" என்று எழுதி பொன்சாயில் ஓட்டினால் எது விடுபட்டது என்று காட்டும். ஆனால் அது தூரம் அளக்காது, அளவுகளைப் பெருக்கிக் கூட்டாது. அதற்கு ஐ.எஃப்.சி கோப்பை வாசிக்கும் ஐ.எஃப்.சி ஓப்பன்ஷெல் என்ற இலவச நிரல் தொகுப்பை வைத்துச் சின்னதாக ஒரு பைதன் நிரல் எழுத வேண்டும். அறிவியல் நகரிலேயே யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது, மாணவர்களுக்கு நல்ல திட்ட வேலை, சபைகள் கேட்டுப் பார்க்கலாம். குறைகளை, மாதிரியின் எந்த இடத்தில் என்று சுட்டும் பீ.சி.எஃப் குறிப்பாகத் திருப்பி அனுப்பினால் படவரைஞர் திறந்தவுடன் அந்த யன்னலிலேயே போய் நிற்கும்.

மின்னணு ஆவணத்தை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. என்றாலும் உறுதி, உத்தரவுப் பத்திரம் போன்ற காணி ஆவணங்களின் மூலப்பிரதியை நேரில் பார்க்கத்தான் வேண்டும், கள விசிட்டும் நிற்கக்கூடாது. தொடக்கத்தில் கடதாசியையும் மாதிரியையும் சேர்த்தே வாங்குங்கள், இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். கட்டி முடிந்தபின் கொடுக்கும் இணக்கச் சான்றிதழுக்காக இடம் பார்க்கப் போகும்போது அனுமதி கொடுத்த அதே ஐ.எஃப்.சி கோப்பை டப்லெட்டில் எடுத்துக்கொண்டு போய், எல்லையிலிருந்து சுவர் வரை நாடாவால் அளந்த தூரத்தை அந்த இடத்திலேயே பதிந்துவிட்டு வாருங்கள்.