கூட்டம் இருக்கிறது என்று கடை பிடிக்கலாமா?

சிறுதொழில் தொடங்குபவர்கள் என்ன விற்பது, என்ன பெயர் வைப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். இடத்தை மட்டும் ஒரே சாயங்காலத்தில் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய கவலை. சரக்கையும் விலையையும் நினைத்தபோது மாற்றலாம். ஒப்பந்தம் போட்டு, மரவேலை, ஒயரிங் எல்லாம் முடித்த பிறகு இடத்தை மாற்றினால் போட்ட பணம் போனதுதான்.

பலரும் சறுக்குவது கூட்டத்தைப் பார்த்துத்தான். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு கடை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் நூறு பேர் நிற்கிறார்கள். ஆனால் எல்லாருடைய கண்ணும் பஸ் வரும் பக்கம்தான். தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள், பேனா வாங்குவார்கள். உள்ளே வந்து சட்டையைப் போட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதே ஆட்கள் சாயங்காலம் நிதானமாகத் திரும்பும்போது இறங்குவது எதிர்ப்பக்கம். நடுவில் தடுப்புச்சுவர் இருந்துவிட்டால், அவர்கள் சாலையைத் தாண்டி உங்களிடம் வரப்போவதில்லை.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நோட்டோடு போய் நில்லுங்கள். வேலைநாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அரை மணி நேரம். கடந்து போனவர் எத்தனை பேர், நடையைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தவர் எத்தனை பேர், பக்கத்துக் கடையிலிருந்து பையோடு வெளியே வந்தவர் எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். நான் மூன்றாவது எண்ணைத்தான் நம்புவேன்.

வாடகையையும் இந்த எண்ணோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாத வாடகையை ஒரு விற்பனையில் நிற்கும் லாபத்தால் வகுத்து, அதை மாதத்தில் கடை திறக்கும் நாட்களால் வகுங்கள். வாடகைக்காக மட்டும் தினமும் இத்தனை பேர் வாங்கியாக வேண்டும் என்று தெரிந்துவிடும். பக்கத்துக் கடையிலேயே அவ்வளவு பைகள் வெளியே வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும். சந்துக்குள் வாடகை குறைவு என்று போனாலும், ஆட்களை அங்கே வரவழைக்க விளம்பரத்துக்குச் செலவாகும். அதையும் வாடகையாகவே எண்ணுங்கள்.

அப்புறம், போட்டிக்குப் பயந்து ஒதுங்கிப் போவது. ஒரே நீளத் தெருவில் ஒரே பொருளை விற்கும் இரண்டு பேர் ஏன் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதை 1929-லேயே ஹரால்ட் ஹோட்டெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒருவர் ஓரத்துக்கு நகர்ந்தால், இடையில் இருக்கும் வாடிக்கையாளர்களை மற்றவர் பிடித்துக்கொள்வார். செருப்பு, மரச்சாமான், செல்போன் போல நாலு கடை ஏறி இறங்கி வாங்கும் பொருளுக்கு, கடைகள் சேர்ந்திருந்தால்தான் தூரத்திலிருந்தும் ஆள் வரும். ஜெராக்ஸ் கடை மாதிரி அவசரத்துக்கு ஓடிவரும் தொழிலுக்குத் தனியாக இருப்பதே லாபம்.

பழுதுபார்ப்பு, ஆர்டரின்பேரில் செய்து கொடுக்கும் வேலை இவற்றுக்கு முன்தெரு தேவையே இல்லை. தேடி வருபவருக்கு வண்டி நிறுத்த இடமும், மேப்பில் சரியான புள்ளியும் இருந்தால் போதும்.

ஒப்பந்தத்தில் வாடகை எப்போது, எவ்வளவு ஏறும், இடையில் காலி செய்ய முடியுமா, பெயர்ப்பலகை வைக்கலாமா, உங்கள் தொழிலுக்கு அங்கே அனுமதி உண்டா, மின்சார லோடு போதுமா என்று பாருங்கள். இதற்கு முன் அங்கே கடை வைத்திருந்தவர் ஏன் காலி செய்தார் என்பதை வீட்டு உரிமையாளரிடம் கேட்காமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.