சீருடையோடு சேர்த்துக் கழற்ற வேண்டியது

கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் தமிழ் கதைக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும். கொட்டாஞ்சேனையில் கணவனிடம் அடிவாங்கிய பெண்ணும் அவளிடம்தான் வருவார், கிராண்ட்பாஸில் போனைத் தொலைத்தவரும் அவளிடம்தான் வருவார். நான் சார்ஜன்ட். ஊர் மட்டக்களப்புப் பக்கம், சேவை முழுக்கக் கொழும்பில். சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பொலிஸ் பிள்ளைகளுக்கு, இந்த வேலையின் மனப்பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது எப்படி என்று மேசையடியில் நின்று சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது களைப்பாக்குகிறது என்று தெரிய வேண்டும். நின்றுகொண்டே இருப்பதால் வரும் கால்வலி நித்திரை கொண்டால் போகும். முகத்தை வேலை கேட்கிற மாதிரி வைத்திருப்பதால் வரும் களைப்பு அப்படிப் போகாது. ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் இதைப் பற்றி எழுதியபோது இரண்டு தொழிலாளரைப் பார்த்தார்: சம்பளத்துக்காகச் சிரிக்கும் விமானப் பணிப்பெண்கள், சம்பளத்துக்காக முறைக்கும் கடன் வசூலிப்பவர்கள். நாங்கள் ஒரே மணித்தியாலத்தில் இரண்டு பேராகவும் இருக்க வேண்டும். அழுகிற தாயிடம் இதமாகக் கதைத்த வாயால், வாசலில் கத்துகிற மருமகனை உட்கார வைக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். மிகவும் பாரமான இடம் வாக்குமூலம். கேட்டு எழுதுவதைவிட, எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதுதான் ஆளை அரிக்கும். அவருக்கு நடந்ததை உங்கள் வாயால் மறுபடி சொல்கிறீர்கள். ஆகவே ஆறுதலை வாசிப்பதற்கு முன்பும் பின்பும் சொல்லுங்கள்; வாசிக்கும்போது மின்சார பில்லை வாசிக்கிற குரலே போதும். இது கல்மனம் இல்லை. குரலை நீங்கள் உடைத்தால் எதிரில் இருப்பவரும் உடைவார், பிழை திருத்த மாட்டார். ஒரு பெண், தலையில் அடி விழுந்த வரி வரும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கேத்தல் இல்லை மிஸ், பிளாஸ்க்” என்றார். வெட்டி எழுதினேன். வெட்டிய இடத்தில் கையொப்பமும் வாங்கினேன். அந்தத் திருத்தம் நாளைக்கு நீதிமன்றத்தில் அவருக்கு உதவும்.

கையெழுத்து வாங்கியதும் அடுத்தவரை உடனே கூப்பிடாதீர்கள். எழும்பிப் போய்க் கையைக் கழுவுங்கள், ஒரு கோப்பை தண்ணீர் குடியுங்கள். வரிசை நீளம்தான், தெரியும். இரண்டு நிமிடத்தில் யாரும் ஓடிவிட மாட்டார்கள்.

மொழிபெயர்ப்புக்கு வேறு பிரிவுகள் கூப்பிடும்போது, என்ன கேஸ், எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பிணவறை வாசலில் குடும்பத்துக்குச் செய்தி சொல்ல வேண்டுமா, காணித் தகராறா என்று தெரியாமல் போய் நிற்பது கொடுமை. போனதையும் வந்ததையும் புத்தகத்தில் என்ட்ரி போடுங்கள். எழுதாத வேலையை யாரும் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. அடுத்த நாள் லீவு கேட்கும்போது அந்த என்ட்ரிதான் உங்களுக்காகக் கதைக்கும்.

முடிந்தால் நிலையத்திலேயே உடுப்பை மாற்றிவிட்டு வெளிக்கிடுங்கள். நான் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு றெயிலில் போகிறேன். கடல்பக்கம் இடம் கிடைத்தால் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். இரவு டியூட்டி முடிந்து மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் கவனம் அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலி வீதியில் மற்றவர்களை ஊதச் சொல்லும் நாங்களே அப்படி ஓடலாமா?

வீட்டில் கேஸைச் சொல்லாதீர்கள், அது முறைப்பாட்டாளரின் இரகசியம். ஆனால் ஒன்றும் நடக்காதது போல் இருக்கவும் வேண்டாம். “இண்டைக்கு ஒரு சின்னப் பிள்ளையின்ட விஷயம். அரை மணித்தியாலம் என்னை விடுங்கோ” என்றால் என்னவர் பிளேன்டீயை வைத்துவிட்டுப் போய்விடுவார். சொல்லாமல் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருந்தால் தன்னில்தான் கோபம் என்று நினைப்பார். சண்டை வரும்.

அப்புறம், எப்போது பயப்பட வேண்டும்? களைப்பு ஒன்று மட்டும் என்றால் லீவு போதும். “அடிவாங்கிறவளே திரும்பிப் போறாள், நாங்க எழுதி என்ன?” என்று உங்கள் வாயிலிருந்து அடிக்கடி வந்தால் கவனியுங்கள். ஆட்களை ஆட்களாகப் பார்க்க முடியாமல் போவதும், செய்வதில் பயனே இல்லை என்று தோன்றுவதும், ஓயாத களைப்போடு சேர்ந்து வரும்போதுதான் அதற்கு எரிந்து தீர்தல் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டில் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையோடு வரும் நிலை என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் மருந்தில் பாதி டியூட்டி பட்டியலில் இருக்கிறது. தமிழ் தெரிந்த இன்னொருவரை அந்த மேசைக்குக் கேட்டு எழுதுங்கள். தியானம் செய், மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லி ஆளை அதே கதிரைக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நித்திரைக்காகக் குடிக்க வேண்டியிருந்தால், அல்லது செத்தால் நல்லது என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், பட்டியல் மாறும்வரை காத்திருக்காதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் தமிழில் கதைக்கலாம். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடம் என்பதால் அங்கொடை என்று யாராவது பகிடி பண்ணுவார்கள், பண்ணட்டும். அந்த நாட்களில் துப்பாக்கி டியூட்டி போட்டிருந்தால் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொறுப்பதிகாரியிடம் வேறு டியூட்டி கேளுங்கள். கேட்கும்போது உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் போதும், விளக்கத்தைப் பிறகு கொடுக்கலாம்.