மழைக்குப் பிறகு காமா மீட்டர் காட்டிய குழப்பம்

வெள்ளவத்தையில் வீட்டுப் பின்வளவில் ஒரே இடம், தரையிலிருந்து ஒரே 1 மீற்றர் உயரம், ஆனால் மண்ணிலுள்ள பொற்றாசியம், யுரேனியம், தோரியம் தரும் காமாக் கதிர்களை எண்ணும் என் மீட்டர் நாளுக்கொரு கதை சொன்னது. முதலில் பற்றரியை மாற்றினேன், அப்புறம் வயரை. வீண்வேலை.

குறிப்புப் புத்தகத்தில் மழை நேரங்களையும் எழுதத் தொடங்கியபின்தான் விளங்கியது. மழை பெய்யும்போது காற்றிலுள்ள ரேடானின் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் தரைக்கு வந்துவிடும், எண்ணிக்கை துள்ளும். அவற்றின் அரைவாழ்வு (பாதி சிதைய எடுக்கும் நேரம்) சுமார் 27, 20 நிமிடம் என்பதால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அது அடங்கிவிடும். பிறகு நேர்மாறு: மண்துளைகளில் தேங்கிய நீர் காமாவை விழுங்க, ஈரம் 10 சதவீதம் கூடினால் பொற்றாசியம்-40 (பொற்றாசியத்தின் கதிரியக்க வகை) தரும் எண்ணிக்கை ஏறத்தாழ அதே அளவு குறையும். யுரேனியக் கணக்குத்தான் வில்லங்கம்: அதை ரேடானிலிருந்து வரும் பிஸ்மத்-214 வழியாகத்தான் கணிக்கிறோம், ஈரமண் ரேடானை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால் அது குறையாமல் கூடவும் செய்யும்.

இப்போது மழை விட்டு மூன்று மணித்தியாலமாவது பொறுக்கிறேன். மேல் 30 சென்றிமீற்றர் மண்ணில் கொஞ்சம் எடுத்து நிறுத்து, 105 பாகையில் இரவு முழுக்க உலர்த்தி, திரும்ப நிறுத்து, பொற்றாசியம், தோரியம் இரண்டையும் உலர்மண்ணுக்குத் திருத்திக்கொள்கிறேன். மண் உலர்த்த அம்மா தன் கேக் சுடும் மின்னடுப்பைத் தர மாட்டேன் என்றுவிட்டார், பழையது ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.