சோதனை உரிமம் அலுவலக சர்வருக்குள் நுழைந்தால்

எலக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு திங்கட்கிழமை காலை யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. சர்வர் அணைந்து கிடந்தது. இயக்கினோம், ஒரு மணி நேரத்தில் தானாக அணைந்தது. மறுபடி இயக்கினோம், மறுபடி அணைந்தது. அப்போதுதான் திரையின் வலது கீழ் மூலையில் இருந்த வரி கண்ணில் பட்டது. அது விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு, அதாவது சோதித்துப் பார்க்க மட்டும் தரப்படும் நகல். அதற்கான 180 நாள் முடிந்திருந்தது. ஆறு மாதம் முன்பு, பழகிப் பார்க்கலாமே என்று அதை நிறுவியவன் நான்தான்.

பெங்களூருவில் என்னைப் போல சிஸ்டம் அட்மின் வேலைக்கு வந்த தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தத் தவறைத்தான். ஐ.டி. ஊழியர்களுக்கு மதிப்பீட்டுச் சந்தா மலிவாகவோ இலவசமாகவோ கிடைப்பதற்குக் காரணம், அதை வைத்துக் கற்கலாம், சோதிக்கலாம், அவ்வளவுதான் என்ற நிபந்தனை. மென்பொருள் உருவாக்குபவர்களுக்கான மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ சந்தாவில் வரும் சர்வர் மென்பொருள்களும் உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் மட்டுமே. நாம் போடும் உரிம எண்ணை (கீ) மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது என்பதால் உரிமை வந்துவிடாது.

யாரும் வேண்டுமென்று இந்தத் தவறைச் செய்வதில்லை. சோதனை சர்வரில் ஒருவர் ஒரு கோப்பை வைப்பார், இன்னொருவர் பிரிண்டரை இணைப்பார், மூன்றாம் மாதம் அதை நம்பி முழு அலுவலகமும் ஓடும். எங்கள் சர்வர், எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலராகவே மாறியிருந்தது. சாதாரண சர்வர் என்றால் வாங்கிய கீயைப் போட்டு விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால் முழுப் பதிப்பாக மாற்றிவிடலாம். டொமைன் கன்ட்ரோலரை அப்படி மாற்ற முடியாது. உரிமம் பெற்ற இன்னொரு சர்வரை நிறுவி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை விலக்க வேண்டும். மணிக்கொரு முறை அணையும் இயந்திரத்தில் அதைச் செய்த இரவை நான் மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெர்ச்சுவல் மெஷினின் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) பெயரிலும் காலாவதி நாளைச் சேர்க்கிறேன். அல்சூர் வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் 150ஆவது நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறேன். விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் மதிப்பீட்டுக்கு 90 நாள்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்வர் மதிப்பீட்டை முதல் 10 நாளுக்குள் இணையம் வழியே செயல்படுத்த வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

தேவையில்லாமல் பணம் கட்டுவது அடுத்த தவறு. தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பு 2016 முதல் இலவசம். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 இயந்திரங்கள் வரை கட்டணமில்லை. கற்கத் தொடங்குபவருக்கு இவையே பல மாதம் போதும். கட்டணச் சந்தாதான் வேண்டும் என்றால், டாலர் விலையோடு கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் வரியையும் கூட்டிப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்குப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

சந்தா என்றும் இருக்கும் என்று நம்புவதும் ஆபத்து. மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கத் தந்த, அட்மின்கள் கொண்டாடிய டெக்நெட் சந்தாவின் விற்பனையை மைக்ரோசாஃப்ட் 2013 ஆகஸ்ட் 31 அன்று நிறுத்தியது. வெர்ச்சுவல் மெஷின் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் வாங்கிய பிறகு, அதன் பயனர் குழுவின் விஎம்யூஜி அட்வான்டேஜ் சந்தா கட்டினாலே கிடைத்துவந்த உரிமங்களுக்கு இப்போது சான்றிதழ்த் தேர்விலும் தேற வேண்டியிருக்கிறது. அதனால் நீங்கள் பழகும் சர்வர்களின் அமைப்பு முழுவதையும் ஸ்கிரிப்டாக (கட்டளைகளின் கோப்பாக) எழுதி வையுங்கள். உரிமம் போனாலும் வேறு இயந்திரத்தில் அரை நாளில் எழுப்பிவிடலாம்.

சந்தாவில் வந்த கீயை நண்பருக்குக் கொடுப்பதோ, இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு யாரோ விற்கும் கீயை வாங்குவதோ வேண்டவே வேண்டாம். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. "இப்போதைக்கு இதைப் போட்டு ஓட்டுங்கள்" என்று மேலாளர் சொன்னால், உரிமம் வாங்க எவ்வளவு ஆகும் என்பதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.