இடம் மிச்சமிருந்தும் இணையதளம் முடங்குகிறதா?

தீபாவளி நெருங்கினால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்காரர்கள் தங்கள் இணையதளத்தில் புடவைப் படங்களை ஏற்றித் தள்ளுவார்கள். திடீரென்று ஒரு நாள் புதிய படம் ஏறாது. மின்னஞ்சலும் வந்து சேராது. இணையதளத்துக்காக வாங்கிய ஜிபி இடத்தில் பாதிகூட நிரம்பியிருக்காது. பதறிப்போய் விலை கூடிய திட்டத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒரே சர்வரைப் பல இணையதளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் இடத்தின் அளவோடு கோப்புகளின் எண்ணிக்கைக்கும் பெரும்பாலும் வரம்பு உண்டு. அந்தக் கோப்புக் கணக்கை ஐநோடு என்பார்கள். அந்த வரம்பு நிரம்பினால் இடம் மிச்சமிருந்தாலும் புதிய கோப்பு ஏறாது. இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு படம் ஏற்றினால், அது சிறிதும் பெரிதுமாகப் பல நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளும். பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் பொதுவாக ஒரு கோப்பு. யாருமே திறக்காத 'இன்ஃபோ' முகவரியின் ஸ்பேம் பெட்டியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் குப்பை அங்கேதான் சேர்ந்திருக்கும். பயன்படுத்தாத தீம்கள் (தள வடிவமைப்புகள்), பிளகின்கள் (கூடுதல் வசதிகள்), பழைய கேஷ் (தற்காலிக நகல்) கோப்புகள் எல்லாவற்றையும் நீக்கலாம். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலின் ஃபைல் மேனேஜரில் நீக்கியவை டிராஷில் தங்கும், அதையும் காலி செய்யுங்கள்.

நீக்கும் முன் பேக்கப் (காப்பு நகல்) கட்டாயம். கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. பொருள்களின் விலையும் விவரமும் டேட்டாபேஸில் இருக்கின்றன. டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பி மைஅட்மின் என்ற கருவி வழியாக அதையும் எக்ஸ்போர்ட் செய்து, இரண்டையும் கடைக் கணினியில் இறக்கி வையுங்கள். அதே சர்வரில் விட்டுவைத்த பேக்கப், சர்வர் பழுதானால் அதோடு போய்விடும்.