பழைய பெட்டி டிவியில் புதுக் கம்ப்யூட்டர்: மஞ்சள் பின்னில் கலர் படம் வரவைப்பது எப்படி?

மகள் பிளஸ் ஒன் சேர்ந்ததும் புது டெஸ்க்டாப் வாங்கினோம். சிபியு, கீபோர்டு, மவுஸ் வரைக்கும்தான் பணம் வந்தது. மானிட்டரை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தோம். குடியாத்தத்தில் அம்மா வீட்டில் 21 அங்குலப் பெட்டி டிவி ஒன்று பழைய புடவை போர்த்தி மூலையில் இருந்தது. அப்பா 2003-இல் வாங்கியது. போட்டுப் பார்த்தால் டியூப் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. சத்துவாச்சாரிக்குக் கொண்டுவந்து மூன்று நாள் போராடி கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டேன். அந்த மூன்று நாளில் இரண்டரை நாளைத் தின்றது ஒரே ஒரு சின்ன சுவிட்ச். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2006-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல கலர் டிவி நம் பக்கத்து ஊர்களில் இன்னும் பல வீடுகளில் இருக்கும். அதற்கும் இதே வழிதான்.

முதலில் டிவியைப் பாருங்கள்

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்ட ஓட்டைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. பின்னால் இல்லையென்றால் முன்பக்கம் சின்ன மூடிக்குள்ளோ பக்கவாட்டிலோ தேடுங்கள். சில டிவிகளில் ஏவி இன், ஏவி அவுட் என்று இரண்டு வரிசை உண்டு. நமக்கு வேண்டியது இன்.

உங்களுடையது பெட்டி டிவி இல்லை, ஆரம்பகால எல்சிடி என்றால், மூன்று வரிசையில் 15 ஓட்டை கொண்ட விஜிஏ இருக்கலாம். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எழுத்து அதில் பல மடங்கு தெளிவாகத் தெரியும். சிபியுவில் விஜிஏ இல்லையென்றால் ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ அடாப்டர் ஒன்று போதும்.

என்ன வாங்குவது

ஹெச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. இதே உருவத்தில் ஏவி டு ஹெச்டிஎம்ஐ என்றும் விற்கிறார்கள். அது பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் போடுவதற்கு, நமக்கு நேர் எதிர். டப்பாவில் ஹெச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்தில் 'இன்புட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின், நடுவில் எந்த டப்பாவும் இல்லாத வெறும் கேபிளும் கிடைக்கும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். ஹெச்டிஎம்ஐயில் வருவது டிஜிட்டல், மஞ்சள் பின்னுக்குப் போக வேண்டியது அனலாக். நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்காமல் படம் வராது.

கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் பவர் வேண்டும். சிபியுவின் யுஎஸ்பியில் செருகலாம் என்பார்கள். நான் பழைய போன் சார்ஜரில்தான் செருகுகிறேன். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே கன்வெர்ட்டர் விழித்திருக்கும். எதிரில் இருக்கும் கருவி என்ன, அது எந்த அளவுப் படத்தை வாங்கும் என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்கும்.

செருகும் வரிசை

டிவி, சிபியு இரண்டையும் சுவிட்ச்போர்டிலேயே அணைத்துவிடுங்கள். கேபிள் டிவி வயரையும் கழற்றுங்கள். எர்த் சரியாக இல்லாத வீடுகளில் பின்னைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும். பிறகு சிபியுவிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயர், கன்வெர்ட்டர், அங்கிருந்து கலருக்குக் கலர் பார்த்து டிவி. முதலில் கன்வெர்ட்டருக்குப் பவர், அப்புறம் டிவியை ஆன் செய்து ரிமோட்டில் ஏவி, கடைசியாக சிபியு.

என்ன ஆனாலும் டிவியின் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். இந்த அளவு கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும்.

படம் வந்தது, கலர் வரவில்லை

எனக்கு விண்டோஸ் திரை முதல் முறையே வந்துவிட்டது. ஆனால் கருப்பு வெள்ளையில். மஞ்சள் பின்னைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். டிவி மெனுவில் கலரை முழுக்க ஏற்றினேன். கேபிள் சேனலில் கலர் நன்றாக வருகிறது, கம்ப்யூட்டர் படத்தில் மட்டும் இல்லை. கன்வெர்ட்டர் கெட்டது என்று முடிவுகட்டி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் அங்கிருந்த எல்சிடி டிவியில் மாட்டிக் காட்டினார். அருமையான கலர். இருந்தாலும் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கருப்பு வெள்ளை. டிவிக்குத்தான் வயதாகிவிட்டது என்று அம்மாவுக்குப் போன் செய்துகூடச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், டப்பாவின் ஓரத்தில் நகக்கண் அளவு தள்ளு சுவிட்ச் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் என்டிஎஸ்சி, மறுபக்கம் பிஏஎல். இரண்டு டப்பாவும் கம்பெனியிலிருந்து என்டிஎஸ்சியில் வந்திருக்கின்றன. பவரை எடுத்துவிட்டு, ஊக்கு முனையால் பிஏஎல் பக்கம் தள்ளி, மறுபடி பவர் கொடுத்தேன். கலர் வந்துவிட்டது. மகள் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள்.

காரணம் இதுதான். 1982-இல் கலர் ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து நம் நாட்டில் பிஏஎல் முறை: 625 கோடுகள், நொடிக்கு 50 முறை. அமெரிக்கா, ஜப்பானில் இருந்தது என்டிஎஸ்சி: 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 60 முறை. வெளிச்சத் தகவல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி போவதால் உருவம் தெரிந்துவிடும். கலர் தகவல் மட்டும் பிஏஎல்லில் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸ் என்று வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். பிஏஎல் மட்டும் தெரிந்த டிவி 4.43-இல் தேடிப் பார்த்து, கிடைக்காமல் கலரை விட்டுவிடும். சில டிவிகளில் படம் மேலும் கீழும் ஓடவும் செய்யும். கடையில் இருந்த எல்சிடிக்கு இரண்டு முறையும் தெரியும். அதனால்தான் அங்கே கோளாறே தெரியவில்லை.

ஆகவே கடையில் சோதித்துக் காட்டினால் சந்தோஷப்படுங்கள், ஆனால் சுவிட்சைப் பார்க்காமல் வீட்டுக்கு வராதீர்கள். டிவி மெனுவில் கலர் சிஸ்டம் என்று இருந்தால் அதை ஆட்டோவில் விடுங்கள்.

எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்கு

கம்ப்யூட்டர் 1920க்கு 1080 என்று அனுப்பினாலும் கன்வெர்ட்டர் அதைக் கசக்கி, 625-இல் படம் தெரியும் 576 கோட்டுக்குள் அடக்கிவிடும். எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும், ஆட்களும் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், ரெசல்யூஷன் போய் 800க்கு 600 வையுங்கள். நம் டிவியும் 4:3, இந்த அளவும் 4:3, உருவம் சரியாக வரும். பட்டியலில் இல்லையென்றால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் அடாப்டர் ப்ராபர்டீஸ், அங்கே 'லிஸ்ட் ஆல் மோட்ஸ்'. மாற்றியதும் திரை இருண்டுவிட்டால் எதையும் தொடாமல் 15 நொடி காத்திருங்கள், விண்டோஸ் தானே பழையபடி மாறிவிடும்.

கீழே டாஸ்க்பார் பாதி தெரியாமல் போகலாம். பெட்டி டிவிகள் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைக்கும்படிதான் செய்யப்பட்டவை. இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவானாலும் அதன் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் படத்தைச் சுருக்கும் ஸ்கேலிங் வசதி இருக்கும். நான்கு ஓரமும் தெரியும் வரை சுருக்குங்கள்.

நேர்மையாகச் சொல்கிறேன், இதில் மணிக்கணக்காகப் படிக்கவோ டைப் அடிக்கவோ கூடாது, கண் வலிக்கும். மகளுக்கு மானிட்டர் வந்துவிட்டது. ஆனால் வீடியோ பாடம், பழைய கல்யாண கேசட்டிலிருந்து மாற்றிய படங்கள் எல்லாம் இந்த டியூபில் பார்க்க அவ்வளவு அழகு. அந்தக் காலத்துப் படம் அந்தக் காலத்துத் திரையில்தான் பொருந்துகிறது.

சத்தம்

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் குறியைத் தட்டி ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் வெள்ளை ஓட்டை மட்டும் இருந்தால் வெள்ளையை மட்டும் செருகினால் போதும், ஆனால் வலது பக்கச் சத்தம் காணாமல் போகும். பாட்டில் குரல் கேட்டு வயலின் கேட்காமல் போனதை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ, 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வழியில் வரும்.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை டிவியை ஒட்டி வைக்காதீர்கள். அதன் காந்தம் டியூபில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டு போடும். வந்துவிட்டால் ஸ்பீக்கரை நகர்த்தி, டிவியை அரை மணி நேரம் அணைத்து ஆறவிட்டு மறுபடி போடுங்கள். ஆன் ஆகும்போது உள்ளே இருக்கும் சுருள் அந்தக் காந்தத்தை எடுத்துவிடும்.

பின்னூட்டங்களைப் பார்த்துச் சேர்த்தவை

ஆற்காட்டு வாசகர் ஒருவருக்குப் படம் வந்து சத்தம் பாதிதான் வந்தது. அவர் டிவியில் சிவப்பு ஓட்டை இரண்டு. பச்சை, நீலத்தோடு இருக்கும் சிவப்பு படத்துக்கானது, சத்தச் சிவப்பு வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது. சில மாடல்களில் தனி மஞ்சள் இருக்காது, பச்சை ஓட்டையிலேயே மஞ்சளைச் செருக வேண்டும். அப்படியானால் ஓட்டைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும்.

இரண்டு பேருக்கு 'நோ சிக்னல்'. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட சிபியுவில் மதர்போர்டு ஹெச்டிஎம்ஐயில் செருகியிருந்தார்கள். கீழே கார்டில் இருப்பதில்தான் செருக வேண்டும்.

ஆரணியிலிருந்து கேட்டவர் டிவியில் ஏவி ஓட்டையே இல்லை, ஆன்டெனா பின் மட்டும்தான். கன்வெர்ட்டருக்கும் டிவிக்கும் நடுவில், ஏவி படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும். அதன் மேல் எந்த சேனல் என்று போட்டிருக்கும், டிவியில் அந்த சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். படம் இன்னும் மங்கும். சினிமா பார்க்க ஓடும், எழுத்துப் படிக்க ஓடாது. வாங்குவதற்கு முன், டிவியின் முன்பக்க மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று அவருக்கு எழுதினேன். மூன்று ஓட்டையும் அதற்குள்தான் இருந்தன.