சினிமா வழியாக ஒரு நாட்டைப் பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

ஈரானியப் படங்களில் ஒரு பெண் தூங்கி எழும்போதும் தலையில் முக்காடு இருக்கும். கணவனும் பிள்ளைகளும் மட்டுமே இருக்கிற வீட்டிலும் இருக்கும். அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள்ளேயும் இப்படித்தான் போல என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கணவன், பிள்ளைகள் முன்னால் தலையை மூடச் சொல்லி அங்கே சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கணவனாக நடிப்பவர் அந்த நடிகைக்கு வேற்று ஆண். படம் பார்ப்பவர்களும் அப்படியே. அதனால் 1979 புரட்சிக்குப் பின் வந்த தணிக்கை விதிகள் கேமரா முன்னால் முக்காட்டை எடுக்க விடுவதில்லை. வெகுநாள் கழித்து வந்த மகனை அம்மா கட்டிப்பிடிக்காமல் நிற்பதும் இதனால்தான். அதைப் பார்த்து, பாசத்தைக் காட்டிக்கொள்ளாத ஜனங்கள் என்று எழுதியவர்களும் உண்டு! இயக்குநர்கள் கதையை வீட்டைவிட்டு காருக்கும் தெருவுக்கும் கொண்டுபோனதிலும், சிறுவர்களை மையமாக வைத்ததிலும் இந்த விதிகளுக்குப் பங்கு இருக்கிறது. ஒரு நாட்டின் படங்களுக்குள் போகும் முன், அங்கே எதைக் காட்டக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த சறுக்கல் நிலத்தில். ‘தி லாஸ்ட் சாமுராய்’ (2003) படத்தில் ஜப்பானிய மலையாக நிற்பது நியூசிலாந்தின் டரனாகி எரிமலை. ஃபூஜியின் சாயல் இருப்பதால் வாய்ப்பு கிடைத்தது. ‘பிரேவ்ஹார்ட்’ (1995) ஸ்காட்லாந்துக் கதை. பெரிய போர்க் காட்சிகளோ அயர்லாந்தில் எடுத்தவை. இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்களின் அமெரிக்கப் பாலைவனம் பெரும்பாலும் ஸ்பெயினின் அல்மேரியா பக்கம். கடைசியில் ஓடும் எழுத்துகளில் படப்பிடிப்பு நடந்த இடம் வரும். அதற்குள் எழுந்துவிடாதீர்கள்.

சொந்த ஊரில் எடுத்தாலும் முழுக்க நம்ப முடியாது. ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் 1987 படம் ஒன்றில், ஒரு சிறுவன் குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஓடுவான். அந்தப் பாதையே படத்துக்காகப் போட்டதுதான். ஆனால் ஈரான் என்றாலே மணல் என்று நினைப்பவருக்கு, அந்த வடபகுதியின் பச்சையும் ஆலிவ் மரங்களும் பொய்யில்லை.

சப்டைட்டிலை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. ‘பாரசைட்’ (2019) என்ற கொரியப் படத்தில் வரும் நூடுல்ஸை ஆங்கில வரி ‘ராம்டான்’ என்கிறது. அது மொழிபெயர்ப்பாளர் உருவாக்கிய சொல். கொரியர்கள் சொல்வது ‘ஜப்பகுரி’: கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு வகை நூடுல்ஸ் பாக்கெட்டைக் கலந்து செய்வது. அதன் மேல் விலை உயர்ந்த மாட்டிறைச்சியைப் போடச் சொல்கிறாள் பணக்கார வீட்டுக்காரி. மொத்தப் படமும் அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. பெயர் மாறியதில் பாதி போய்விட்டது. கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு தனி, உரிமைப் பேச்சு தனி. ‘நீங்க’ எந்த இடத்தில் ‘நீ’ ஆனது என்பது ஆங்கில வரியில் தெரியவே தெரியாது. நமக்குப் பழகிய விஷயம்தான், காதைத் தீட்டிக்கொண்டால் பிடிபடும்.

விருது வாங்கிய படங்களை மட்டும் பார்ப்பதும் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய்ச் சிரித்த மசாலாப் படம் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ விஷயம் கொஞ்சம் விசித்திரம். இறந்தோர் தினம் அங்கே வீட்டுப் படையலும், கல்லறையில் செண்டுமல்லிப் பூவுமாக நடப்பது. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘ஸ்பெக்டர்’, மெக்சிகோ சிட்டியில் எலும்புக்கூடு வேடங்களோடு பிரம்மாண்ட ஊர்வலம் ஒன்றைக் காட்டியது. அப்படியோர் ஊர்வலம் அந்த நகரத்தில் நடந்ததில்லை. படம் பார்த்தவர்கள் தேடி வருவார்களே என்று 2016இல் ஊர்வலத்தை நிஜமாகவே நடத்தினார்கள். இப்போது நவம்பரை ஒட்டிப் போனால் நேரிலேயே பார்க்கலாம்.